மூன்று கிலோ குறைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் எம்டிபி சைக்கிளைக் கொடுக்கும் முன்

கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, எம்டிபி (மலைப்பாதைக்கான) சைக்கிளின் எடையைக் குறைந்த செலவில் குறைத்துத் தருவதாகச் சொல்லி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மூன்று கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டதாகத் தராசிலும் காட்டியது. உண்மையில் குறைந்தது ஒரு கிலோவும் சொச்சமும்தான். அதிலும் ஒரு பகுதி, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டு வாசலில் உட்கார்ந்தே கழற்றிவிடக்கூடிய பாகத்தால் குறைந்தது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், ஹேண்டில்பாரிலும் பிரேக்கிலும் அவர்கள் மாட்டிக் கொடுத்த பொருள்கள் ஓட்டுபவரைக் கீழே தள்ளக்கூடியவை என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடையது அலுமினியச் சட்டமும் 29 அங்குலச் சக்கரமும் கொண்ட சாதாரண எம்டிபி. முன்னால் ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க், பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்ரிங் மூன்று, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்று இந்த விலையில் எல்லோரிடமும் இருப்பதுதான். கடைக்காரர் சொன்ன 'பேக்கேஜ்' இது: கார்பன் ஹேண்டில்பார், கார்பன் சீட் போஸ்ட், முக்கியமான இடங்களில் எல்லாம் டைட்டானியம் போல்ட், இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ் ஆக்குவது, முன்னால் ஒற்றைச் செயின்ரிங். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. விவரம் தெரிந்தவர்களும் இந்தப் பட்டியலில் உள்ளவற்றைத்தான் பரிந்துரைப்பார்கள் என்பதால் சந்தேகப்பட அங்கே எதுவும் இல்லை.

எடை போட்ட விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சைக்கிளை விட்ட அன்று, அதைக் கூரையிலிருந்து தொங்கிய டிஜிட்டல் தராசில் மாட்டி 17.1 கிலோ என்று காட்டினார்கள். நான் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். திருப்பி வாங்கிய அன்று அதே தராசில் 13.9 கிலோ காட்டியது. தராசில் ஒரு குறையும் இல்லை. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நிரம்பிய தண்ணீர்ப் பாட்டில் அதன் கூண்டோடு சட்டத்தில் இருக்கிறது. சங்கிலிப் பூட்டு சீட்டுக்குக் கீழே சுற்றியிருக்கிறது. சமையலறைத் தராசில் பாட்டிலும் கூண்டும் 900 கிராம், பூட்டு 800 கிராம் வந்தன. இரண்டாம் முறை எடை போட்டபோது இவை இரண்டும் இல்லை. அது மட்டுமன்றி, "கிரீஸ் வெச்சிட்டு இருக்கமுங்க சார், இப்ப மாட்டித் தந்தர்றேன்" என்று சொல்லிப் பெடல்களையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். ஜோடிப் பெடல் 400 கிராம். ஆக, குறைந்ததாகச் சொல்லப்பட்ட 3.2 கிலோவில் 2.1 கிலோ, பாட்டிலும் பூட்டும் பெடலும்தான். பிறகு ஒரு பார்சல் அலுவலகத்தின் மேடைத் தராசில் பெடலோடு நிறுத்திப் பார்த்தபோது 14.3 கிலோ வந்தது. கணக்கு அப்படியே பொருந்தியது.

மீதமுள்ள 1.1 கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பக்கவாட்டு ஸ்டாண்டு 400 கிராம். அது பேக்கேஜிலேயே இல்லை; கேட்காமல் கழற்றியிருந்தார்கள். முன் டிரெய்லியர் (செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்), அதன் ஷிஃப்டர், கேபிள், இரண்டு செயின்ரிங் ஆகியவை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். டியூப் இரண்டையும் எடுத்ததில் 400 கிராம் குறைந்தாலும், சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்), டேப், வால்வு என்று உள்ளே போனவற்றைக் கழித்தால் நிகரமாக மிஞ்சியது சுமார் 150 கிராம். கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. ஹேண்டில்பாருக்கும் சீட் போஸ்ட்டுக்குமாக வாங்கிய 5,800 ரூபாய்க்கு எடையில் எதுவுமே குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பது ஹேண்டில்பாரின் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கியதும் தெரிந்தது. முழுக்கக் கார்பன் இழையால் செய்த பாராக இருந்தால் உள்சுவரும் கறுப்பாக இருக்கும். இதில் உள்ளே பளபளவென்று அலுமினியம் தெரிந்தது. அலுமினியக் குழாயின்மேல் கட்டம்போட்ட கார்பன் நெசவை ஒட்டி, அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். இதே அகலத்தில் உண்மையான கார்பன் பார் 200 கிராம் அளவில் இருக்கும். இது 340 கிராம். வற்புறுத்தித் திரும்ப வாங்கிய என் பழைய அலுமினிய பார் 325 கிராம். பணம் கொடுத்து எடையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காந்தம் இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அலுமினியமும் கார்பனும் அதில் ஒட்டா. முனை மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பதும், தனியாகத் தராசில் வைப்பதுமே சரியான சோதனை. ஆனைகட்டி சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, ஹேண்டில்பாரைக் கவ்வும் பாகமான ஸ்டெம் பிடித்திருந்த இடத்தில் அந்த மேலுறை நசுங்கி வழுக்கி, பார் முன்பக்கமாகச் சுழன்றது. வேகம் குறைவாக இருந்ததால் கால் ஊன்றி நின்றுவிட்டேன். இறக்கத்தில் நடந்திருந்தால் வேறு கதையாகியிருக்கும்.

போல்ட் விஷயம் இதைவிட மோசமானது. டைட்டானியம் என்று சொல்லி, செக்கச்செவேல் என்றிருந்த போல்ட்டுகளை ஸ்டெம்மிலும், டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பின் பிரேக் காலிபரிலும் மாட்டியிருந்தார்கள். டைட்டானியத்தை அனோடைஸ் செய்தால் (மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் நிறம் வரவைத்தால்) நீலம், ஊதா, பொன்னிறம் எல்லாம் வரும். அந்த முறையில் மிளகாய்ப்பழச் சிவப்பு வராது. சாயம் ஏற்றிய அலுமினியத்தில்தான் அப்படி வரும். கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் அடர்த்தி எஃகுக்கு 7.85, டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7 என்பதால், இந்த போல்ட் டைட்டானியத்தைவிடவும் இலேசாகவே இருக்கும், வாங்குபவரும் கையில் தூக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடுவார். பலம் அப்படி அல்ல. காலிபர் போல்ட்டுகளை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் அந்த அளவை எட்டும் முன்பே, ஆலன் கீயோடு ஒரு போல்ட்டின் தலை மட்டும் திருகிக்கொண்டு வந்துவிட்டது. மரை உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒரு போல்ட்டில் மிச்சமாகும் எடை மூன்று நான்கு கிராம்தான்! அதற்காகப் பிரேக்கைத் தாங்கும் இடத்தில் அலுமினியத்தை வைப்பவர்கள் எடையைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் ஒன்றும் அறியாதவர்களாகவோ, எல்லாம் அறிந்தே செய்பவர்களாகவோ இருக்க வேண்டும். இதில் முதல் வகை என்று நான் நினைக்கவில்லை.

டியூப்லெஸ் வேலையும் அரைகுறைதான். ரிம்மும் டயரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரிம்முக்கான டேப்புக்குப் பதிலாக மின்சார வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இரவு அடித்த காற்று காலையில் இருக்காது. செயின்ரிங் விஷயத்தில், நடுவில் இருந்த பழைய ரிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றியிருந்தார்கள். அந்த ரிங்கின் பற்கள் செயினை எளிதாக அடுத்த ரிங்குக்குத் தள்ளிவிடுவதற்காகவே குட்டையாக வெட்டப்பட்டவை. ஒற்றை ரிங்குக்கு ஒரு பல் தடிமனாகவும் அடுத்தது மெல்லியதாகவும் மாறிமாறி வரும் தனி வகை வேண்டும். அது இல்லாததால் கல் பாதையில் செயின் கழன்றுகொண்டே இருந்தது.

கடையில் போய்க் கேட்டபோது, "கார்பன்னாலே அலுமினியத்து மேல சுத்துறதுதானுங்க சார், எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். அது பொய். பில் கேட்டதற்கு, 'வெயிட் ரிடக்‌ஷன் — 14,500' என்று ஒரே வரியில் எழுதிய எஸ்டிமேட் சீட்டையே மறுபடியும் நீட்டினார். எந்தப் பாகம், எந்தப் பொருளால் ஆனது, எத்தனை கிராம் என்று எதுவும் அதில் இல்லை. கழற்றிய டிரெய்லியரும் டியூப்களும் எங்கே என்றால், 'ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்' என்பது பதில். அவை என் சொத்து என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

இந்த விலைச் சைக்கிள்களில் எடை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வைத்த மலிவான ஃபோர்க் மட்டுமே இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். கரடுமுரடான பாதையில் அதிகம் போகாதவர்கள் அதற்குப் பதிலாக சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கைப் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். அடுத்தது டயர். விளிம்பில் கம்பி வைத்த டயருக்குப் பதில் மடிக்கக்கூடிய டயர் வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஓரளவு எடை மிச்சமாகும், ஓட்டும்போதும் வித்தியாசம் தெரியும். ஸ்டாண்டு, மட்கார்டு, கனத்த பூட்டு ஆகியவற்றைக் கழற்ற ஒரு பைசா செலவில்லை. 70 கிலோ ஆளும் 15 கிலோ சைக்கிளும் சேர்ந்து ஏறும் மலையில், ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம்கூட மிச்சமாகாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு செலவு செய்யலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகு, கடைக்காரர் ஹேண்டில்பாருக்கும் சீட் போஸ்ட்டுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தந்துவிட்டார். மீதித் தொகைக்கும், காலிபரில் சிக்கிய மரையை எடுக்க வேறு கடையில் ஆன செலவுக்கும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு தயாராகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். என் கையில் இருக்கும் சான்றுகள், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, எஸ்டிமேட் சீட்டு, பாட்டிலும் பூட்டும் தெரியும் அந்த முதல் படம், பார்சல் அலுவலகத் தராசின் படம், தலை கழன்ற போல்ட் ஆகியவை. இதே கடையிலோ இதே முறையிலோ வேலை செய்து வாங்கியவர்கள், அடுத்த முறை சைக்கிளை எடுக்கும் முன் ஸ்டெம்மிலும் காலிபரிலும் சிவப்பு போல்ட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எஃகு போல்ட்டை மாட்டிய பிறகே ஓட்டவும்.