அமிலமற்ற தாள்: கட்டின் மேல் எழுதாத செய்திகள்

பழைய குடும்பக் கடிதங்களைப் பாதுகாக்க, அமிலமற்ற இடைத்தாள்களும் உறைகளும் அடங்கிய கட்டு ஒன்றை வாங்கி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தாள் தரமானது, அதன் மேலுள்ள விளக்கம்தான் போதாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழும், மை பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் என்னும் மரப்பிசினும் சேர்க்கும் முறையும் பரவிய பின் செய்யப்பட்ட தாள்களில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. அது செல்லுலோஸ் இழைகளைச் சிறுகச் சிறுக அறுப்பதால்தான், கந்தல் துணியிலிருந்து செய்த அதைவிடப் பழைய தாள் இன்னும் வளைந்து கொடுக்க, என் தாத்தாவின் கடிதங்கள் மடிப்பில் முறிகின்றன. போதாக்குறைக்கு, ஒரு கடிதத்தோடு கிடந்த செய்தித்தாள் நறுக்கு, தன் வடிவத்திலேயே அதன் மேல் பழுப்புக் கறையைப் பதித்திருந்தது. இவ்வாறு அமிலம் பரவுவதை இடைத்தாள் தடுக்கும். ஏற்கெனவே நலிந்த கடிதத்தை அது குணப்படுத்தாது.

அமிலத்தன்மையைக் காட்டும் சோதனைப் பேனாவால் கோடிட்டபோது எல்லாத் தாள்களிலும் ஊதா நிறமே வந்தது. அமிலம் இருந்திருந்தால் கோடு மஞ்சளாகவே நின்றிருக்கும். ஆனால் இந்தச் சோதனை இன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. மரத்திலுள்ள, தாளைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காத மலிவான கூழிலும், அமிலத்தை முறிக்கும் காரமான கால்சியம் கார்பனேட்டைக் கலந்து 'அமிலமற்றது' என்று விற்க முடியும். அந்தக் கார இருப்பு தீர்ந்தபின் அமிலம் திரும்பிவிடும். நிலைத்த தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5 முதல் 10 வரை இருப்பதோடு, குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கார இருப்பையும் கேட்கிறது. லிக்னினுக்கும் வரம்பு வைக்கிறது. இவற்றில் ஒன்றும் கட்டின் மேல் இல்லை. லிக்னின் நீக்கப்பட்டது என்ற பதிலே நான் எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது.

'எல்லா வகைப் படங்களுக்கும் ஏற்றது' என்ற வாசகத்தை நான் ஏற்கவில்லை. சயனோடைப் என்ற பழைய அச்சு முறையில் எடுத்த நீலநிறப் படங்கள் காரம் பட்டால் வெளிறும். அவற்றுக்குக் கார இருப்புச் சேர்க்காத தாளே வேண்டும். என்னிடமிருந்த, அம்முறையில் அச்சான பழைய வீட்டு வரைபடத்தை இதனால் தனியே எடுத்து வைத்தேன்.

உறைகளின் அளவும் சிறியது. முறியும் நிலையிலுள்ள கடிதத்தை இன்னொரு முறை மடித்து உள்ளே நுழைப்பது வாங்கிய நோக்கத்துக்கே மாறானது என்பதால், அடுத்த முறை பெரிய தாள்களை மட்டும் வாங்கி, உறைகளை நானே மடித்துக்கொள்வேன்.