ராணிப்பேட்டைக் கிடங்கின் எப்பாக்சி தரை: ஒப்பந்தக் குழுவின் வேலை எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட்டில் காலணி மேற்பாகம் தைக்கும் எங்கள் கூடத்தின் புதிய கிடங்குக்கு, வேலூரைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தக் குழு எப்பாக்சி தரை, அதாவது கான்கிரீட்டின் மேல் பூசி இறுகவிடும் பிசின் பூச்சு, போட்டுக் கொடுத்தது. பளபளப்பிலும் நிறத்திலும் குறையில்லை. ஆனால் இவர்களைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதல் காரணம், அவர்கள் அவசரப்படாததுதான்.

கான்கிரீட் போட்டு 28 நாட்கள் முடியாமல் வரமாட்டோம் என்று மேஸ்திரி முதலிலேயே சொல்லிவிட்டார். வந்த பிறகும், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாள்களை ஆங்காங்கே விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்தார்கள். பின்சுவர் ஓரத் தாளின் அடியில் கான்கிரீட் கருத்திருந்தது. கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் பூசினால் பூச்சு கொப்புளித்துப் பெயர்ந்துவிடும் என்பதால், அந்த இடம் உலரும் வரை வேலையை ஒத்திப்போட்டார்கள்.

சாதாரண பெயின்ட், தின்னர் ஆவியாவதால் காய்கிறது. எப்பாக்சியோ ரெசின் என்ற பிசினும் ஹார்டனர் என்ற இறுக்கியும் வேதிவினை புரிந்து இறுகுகிறது. கலவை விகிதம் பிசகினால் எத்தனை நாள் காயவிட்டாலும் பிசுபிசுப்பு போகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவையைப் பயன்படுத்தக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், நம் பக்கத்து வெயிலுக்கு ஏற்ப அவர்கள் சிறிது சிறிதாகக் கலந்து, வாளியில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் தரையில் ஊற்றிப் பரப்பினார்கள். பூசியதும் காலையில் அல்ல, தரை குளிரத் தொடங்கும் மாலையில்தான். வெயில் ஏறும்போது கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து மேலெழுந்து, பூச்சில் ஊசித்துளைகளை உண்டாக்கிவிடும்.

குறை ஒன்று உண்டு. இரவில் ஷட்டரை முழுவதும் இறக்காமல் போய்விட்டார்கள். மழை ஈரக்காற்று பட்டு, வாசலோரம் மெழுகு தடவியது போன்ற வெண்படலம் படிந்தது. துடைத்தால் போதும் என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்காது என்று நாங்கள் வற்புறுத்திய பிறகே, வெந்நீரில் கழுவி, உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து மறுபூச்சு கொடுத்தார்கள். அதற்கான பொருள் செலவை எங்கள் பில்லில் சேர்த்ததும் சரியல்ல, கேட்டபின் நீக்கினார்கள்.

மறுநாளே நடக்கலாம் என்றாலும், முழு இறுக்கம் பெற 25 டிகிரியில் சுமார் 7 நாட்கள் ஆகும். அதுவரை பசையோ கரைப்பானோ சிந்தக்கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். வெயில் படும் வாசல் பகுதி நாளடைவில் மஞ்சளாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, அங்கு மட்டும் பாலியூரித்தேன் மேற்பூச்சு போட்டார்கள். இவர்களிடம் வேலை கொடுப்பவர்கள், சதுர அடி விலையில் கிரைண்டிங்கும் (பூசும் முன் தரையைத் தேய்ப்பது) பிரைமரும் (அடிப்பூச்சு) அடங்குமா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.