யூனோவா, ப்ரோ மைக்ரோவா? தட்டினால் கணினியில் டிரம் கேட்க

தட்டினால் மின் சைகை தரும் நான்கு பீசோ வில்லைகளை ரப்பருக்கு அடியில் ஒட்டி ஒரு தட்டுப் பலகை செய்திருக்கிறேன். விரலால் தட்டினால் கணினியில் ரீப்பர் என்ற இசை மென்பொருளில் டிரம் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஆர்டுயினோ யூனோ என்ற, நிரலேற்றக்கூடிய குட்டி மின்பலகையில் செய்தேன். ஆறு மாதம் கழித்து அதேபோன்ற இன்னொன்றான ப்ரோ மைக்ரோவுக்கு மாறிவிட்டேன்.

இரண்டிலும் போகும் மிடி செய்தி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) ஒன்றேதான், மூன்று பைட். 144 என்றால் முதல் சேனலில் ஒலி எழுப்பு. அடுத்தது எந்தச் சுரம். மூன்றாவது எவ்வளவு வேகமாகத் தட்டினோம் என்பது. பீசோவிலிருந்து வரும் 0–1023 அளவை எட்டால் வகுத்தால் 0–127 வந்துவிடும். விடை 0 ஆனால் மட்டும் அனுப்பாதீர்கள், அதற்கு 'ஒலியை நிறுத்து' என்று அர்த்தம். விலை, தாமதம் இரண்டிலும் என் காதுக்கோ பைக்கோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் தினசரிப் பயன்பாட்டில்தான். யூனோவின் (ஆர்3 வரையிலான) முதன்மைச் சிப்புக்கு நேரடியாக யுஎஸ்பி வராது. கணினிக்கு அது வெறும் சீரியல் போர்ட், அதாவது பைட்டுகள் வந்துபோகும் ஒரு பொது வழி. இசை மென்பொருளோ மிடி கருவியைத்தான் தேடும். ஆகவே விண்டோஸில் நடுவே சீரியலை மிடியாக மாற்றும் ஹேர்லெஸ் மிடி, அதற்குப் பக்கத்தில் அதை இசை மென்பொருளுக்குக் கொண்டுசேர்க்கும் லூப்மிடி என்று இரண்டு தரகர்கள். தினமும் இரண்டையும் திறந்து, போர்ட்டைத் தேர்ந்து, வேகம் இரு பக்கமும் 115200 தானா என்று பார்த்த பிறகுதான் முதல் தட்டு. கேபிளை வேறு துளையில் செருகிய அன்று போர்ட்டின் பெயர் காம் 3-லிருந்து காம் 5 ஆகிவிட்டது; அது தெரியாமல் பலகையைப் பிரித்து, சாலிடரையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தலைவலி, பீசோவின் உணர்திறனைச் சரிசெய்வது. சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். எந்த அளவைத் தாண்டினால் தட்டு என்று கொள்வது என்ற எண்ணை 80-லிருந்து 90 ஆக்க வேண்டுமா? ஹேர்லெஸைத் துண்டி, நிரலை ஏற்று, மறுபடி இணை. அளவுகளைத் திரையில் பார்க்கலாம் என்று ஒரு வரி அச்சிட்டால், அந்த எழுத்தும் மிடியும் ஒரே வழியில் கலந்துவிடும்.

ப்ரோ மைக்ரோவில் உள்ள அட்மெகா32யு4 சிப்பே யுஎஸ்பி பேசும். மிடியுஎஸ்பி என்ற ஆயத்த நிரல் தொகுப்பைச் சேர்த்தால் செருகியதும் மிடி கருவியாகவே தெரிகிறது. கூடவே சீரியலும் தனியாக ஓடுகிறது. ஒரு பக்கம் டிரம் கேட்க, மறுபக்கம் எண்கள் ஓடுவதைப் பார்த்தே நான்கு வில்லைகளையும் ஒரே மாலையில் சரிசெய்துவிட்டேன். அனுப்பியபின் ஃப்ளஷ் (தேங்கியதை உடனே வெளியே தள்ளும் கட்டளை) கொடுக்க மறந்தால் மட்டும் சுரம் உள்ளேயே தங்கிவிடும்.

குறை இல்லாமலா? நிரலேற்றும்போது போர்டு வகையைத் தப்பாகத் தேர்ந்தால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. ரீசெட்டை இருமுறை சட்டென்று தட்டினால் எட்டு நொடி அவகாசம் கிடைக்கும், அதற்குள் சரியான நிரலை ஏற்றிவிட வேண்டும்.

ஐந்து முள் மிடி கேபிளும் உண்டு, வேகம் 31250. இரவல் வாங்கி ஒரு நாள்தான் வாசித்தேன், அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. பழைய சிந்தசைசர் வைத்திருப்பவருக்கு அதுதான் நேர்வழி. கையில் ஏற்கெனவே யூனோ இருந்தால் ஒரு வாரம் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். என்னுடையது இப்போது மாடித் தொட்டியின் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறது.