ஒரே இரவில் அரைக் கிலோ: எந்த எண்ணை நம்புவது?

திங்கட்கிழமை காலை 78.4 கிலோ. செவ்வாய்க்கிழமை காலை 78.9. இடையில் ஒரு பகல், ஓர் இரவு. சாப்பாடு வழக்கம்போல அளவாகத்தான் இருந்தது, நடைப்பயிற்சியும் தவறவில்லை. எடை குறைக்கத் தொடங்கியவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "என்ன செய்தாலும் ஏறத்தான் செய்கிறது" என்று அன்றைக்கே எல்லாவற்றையும் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அவர்களுடைய கொழுப்பு அந்த நாளிலும் கரைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் அரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், அன்றைய செலவு போக 3,850 கலோரி மிஞ்ச வேண்டும். பலருக்கு அது இரண்டு நாள் சாப்பாடு. அதையும் அன்றைய சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். மறுபக்கமும் இதே கணக்குதான். தினமும் 500 கலோரி குறைத்தால் ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். வீட்டில் இருக்கும் பல எடை இயந்திரங்கள் 100 கிராம், 100 கிராமாகத்தான் எண்ணும். ஒரு நாள் உழைப்பின் பலன் அந்தக் கருவியின் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அந்தக் கருவி நேற்றைக்கும் இன்றைக்கும் காட்டும் வித்தியாசத்தில் மிகப் பெரும்பகுதி வேறு எதனுடைய எடையோதான்.

அந்த வேறு எது என்பதில் முதலிடம் தண்ணீருக்கு. உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. மொத்தம் சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக, இந்தக் கிடங்கு நிரம்புவதற்கும் காலியாவதற்கும் இடையில் இரண்டு கிலோ வரை வித்தியாசம் வரலாம். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்குவதும், ஒரு விருந்துக்குப் போய்வந்த மறுநாளே அதில் பாதி திரும்பிவிடுவதும் இதனால்தான்.

உப்பும் அப்படித்தான். நரம்பில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உடலில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தின் உப்பளவும் அதை ஒட்டியதே. வழக்கத்தைவிட மூன்று, நான்கு கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை சில நூறு மில்லி தண்ணீர் கூடவே தங்கும். நாவறட்சியாகி நாமே குடித்த தண்ணீர்தான் அது. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்குத் தசை வலியோடு வீக்கமும் வருகிறது, அந்த வீக்கத்திலும் தண்ணீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும் ஏறி இறங்கும். மலச்சிக்கல், நேரம் கழித்துச் சாப்பிட்ட இரவு உணவு ஆகியவை பற்றி விளக்க வேண்டியதில்லை.

இறக்கத்திலும் நம் கண்ணில் படாத வழி ஒன்று உண்டு. இத்தாலியின் பதுவாவைச் சேர்ந்த மருத்துவர் சான்டோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். 1614இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி மலமாகவோ சிறுநீராகவோ வெளியே வரவில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தெரியாமலேயே போய்விடுகிறது என்று கண்டார். கரையும் கொழுப்பும் அந்த வழியில்தான் போகிறது. பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. இரவு படுக்கும்போது இருந்த எடை காலையில் கழிவறைக்குப் போகும் முன்பே சில நூறு கிராம் குறைந்திருப்பதை யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம்.

இத்தனை அலைகளுக்கு நடுவே நம்மிடம் இருக்கும் வழிகளை இப்போது எடைபோடலாம்.

தினமும் இயந்திரத்தில் நின்று அன்றன்றைய எண்ணை நம்புவது ஒரு வழி. இதன் பலம் விழிப்பு. தினமும் பார்ப்பவர் வழி தவறினால் சீக்கிரம் தெரிந்துகொள்வார். பலவீனம், அந்த எண்ணுக்கு அன்றைக்கே பதில் சொல்லத் தோன்றுவது. ஏறினால் ஒரு வேளை பட்டினி, இறங்கினால் ஒரு சலுகை. இரண்டுமே தண்ணீரைப் பார்த்து எடுத்த முடிவுகள்.

இதற்கு மாற்றாகப் பலரும் சொல்வது, "வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள், மனம் அமைதியாக இருக்கும்" என்பது. நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரைதான். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தை என் குறிப்பேட்டின் இரண்டு வாரங்களை வைத்தே காட்டுகிறேன். எல்லாம் திங்கள் முதல் ஞாயிறு வரை காலையில், கழிவறைக்குப் போய்வந்தபின், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் பார்த்தவை.

முதல் வாரம்: 78.4, 78.9, 78.2, 78.0, 78.3, 77.9, 78.5.
இரண்டாம் வாரம்: 78.6, 78.1, 77.7, 77.9, 77.4, 77.6, 78.2.

திங்கட்கிழமை மட்டும் எடை பார்ப்பவர் இதில் என்ன காண்பார்? 78.4 போய் 78.6. ஒரு வாரம் வாயைக் கட்டியதற்கு 200 கிராம் ஏற்றம். வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பவர்? 78.3 போய் 77.4. ஒரே வாரத்தில் 900 கிராம் இறக்கம். ஒரே உடல், அதே சாப்பாடு. ஒருவர் அழுவார், இன்னொருவர் கொண்டாடுவார், இருவர் கையில் இருப்பதும் பொய்க் கணக்கு. இதில் வருத்தம் என்னவென்றால், தினமும் பார்ப்பவருக்கு நாளையே அடுத்த எண் கிடைத்துவிடும். வாரம் ஒருமுறை பார்ப்பவர் அந்த ஒரு தவறான எண்ணோடு ஏழு நாள் வாழ வேண்டும். அமைதிக்காகத் தேர்ந்தெடுத்த வழி அமைதியைத் தருவதில்லை.

அதே ஏழு எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரச் சராசரி 78.3, இரண்டாவது 77.9. இறக்கம் 400 கிராம். தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 450 கிராம் கொழுப்பு கரைய வேண்டும் என்ற கணக்குக்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். என் தேர்வு இதுதான்: தினமும் பார்ப்பது, ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புவது. ஏழு நாள் என்பதற்கும் பொருள் உண்டு. வார இறுதியில் ஏறி வார நடுவில் இறங்குவது பலருடைய உடலின் வழக்கம். ஏழு கிழமைகளும் ஒவ்வொரு சராசரியிலும் ஒருமுறை வந்துவிடுவதால் அந்த ஏற்ற இறக்கம் தானாகச் சமனாகிவிடும்.

கூட்டி வகுக்க வாரக் கடைசிவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. எடை எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட நாமே வைத்துக்கொள்ளும் ஓர் எண்ணைப் போக்கு எண் என்போம். நேற்றுவரையிலான போக்கு எண் 78.3, இன்று இயந்திரம் காட்டுவது 78.9 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.6. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போக்கு எண்ணோடு சேர்த்தால் 78.36. நாளைக்கு அதிலிருந்து தொடங்க வேண்டும். 600 கிராம் அதிர்ச்சி 60 கிராம் அசைவாகச் சுருங்கிவிடுகிறது. எடையைப் பதிவு செய்யும் செயலிகள் சில வரையும் மென்மையான கோடு ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

சராசரிக்கும் குறைகள் உண்டு. முதல் இரண்டு வாரங்களில் கிளைக்கோஜன் தண்ணீர் வடிவதால் சராசரியே வேகமாக இறங்கிக் காட்டும். அதை வைத்து மூன்று மாதத்துக்கு ஆசைக்கணக்குப் போடக்கூடாது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு வாரத்தோடு வாரத்தை ஒப்பிடுவதும் போதாது. இந்தச் சுழற்சியின் மூன்றாம் வாரத்தைப் போன சுழற்சியின் மூன்றாம் வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காததால் மாதந்தோறும் ஒரு வாரம் வீணாகத் தங்களை நொந்துகொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் இயந்திரத்தை நான் போட்டியில் கடைசியில்தான் வைப்பேன். பாதம் வழியாகச் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, உடலின் மின்தடையை அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. உடலில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தடை மாறும். எந்தத் தண்ணீர்க் குழப்பத்திலிருந்து தப்பிக்க நினைக்கிறோமோ அதே குழப்பம் இங்கே சதவீதமாக வேடம் மாறி வருகிறது. பாதத்துக்குப் பாதம் மட்டும் ஓடும் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களைத்தான் அளக்கிறது. வயிற்றைப் பற்றி அது சொல்வதில் ஊகமே அதிகம்.

எடையே பார்க்காமல் இருப்பதும் ஒரு தேர்வு. உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும், காலையில் பார்க்கும் எண் அந்த நாள் முழுவதையும் கெடுத்துவிடும் என்பவர்களுக்கும் அதுவே சரியான தேர்வு. நேர் எதிரானவர்கள் இதயச் செயலிழப்பு உள்ளவர்கள். அவர்கள் தினமும் பார்த்தே ஆக வேண்டும். சராசரி அவர்களுக்கு உதவாது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால், தேங்கும் அந்தத் தண்ணீர்தான் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய செய்தி.

கடைசியாக, அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் சுற்ற வேண்டும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டல். நாடா ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே பேசும் என்பதால் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்கிறேன், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தசைப் பயிற்சி செய்பவர்களுக்கு எடை அசையாமல் இடுப்பு மட்டும் சுருங்கும் மாதங்கள் வரும். அப்போது இயந்திரம் சொல்லாததை நாடா சொல்லும். அதனால் சராசரிக்குத் துணையாக இதை வைத்திருக்கிறேன். வாரச் சராசரி நின்றுபோனால் நாடாவைப் பார்ப்பேன். நாடா இறங்கிக்கொண்டிருந்தால் எதையும் மாற்ற மாட்டேன். இரண்டும் சேர்ந்து நான்கு வாரம் அசையாமல் இருந்தால்தான் தட்டில் இன்னும் எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பேன்.