ஏழு வருடம், ஒன்பது ஜேர்சி

முதலில் கணக்கு. 2018 ஓகஸ்டில் இருந்து இன்றுவரை உதைபந்தாட்டக் கழகங்களின் ஜேர்சி ஒன்பது என் கைக்கு வந்திருக்கிறது. ஏழு அசல், இரண்டு போலி. அசல் ஏழில் ஒன்றுக்குக்கூட முழு விலை கொடுத்ததில்லை. நான் இருப்பது கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில். இங்கே கழகத்தின் சொந்தக் கடை என்று ஒன்றை வரைபடத்தில்தான் பார்க்கலாம். லண்டன் கழகமான ஆர்சனலின் ரசிகன் என்பதால் பெரும்பாலான கதை அந்தப் பக்கத்தில் இருந்தே வரும். மன்செஸ்டர் யுனைட்டெட்காரர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அசல் சட்டை வந்த விதமே வேடிக்கை. 2018 ஜனவரியில் முன்கள வீரர் அலெக்சிஸ் சான்செஸ் ஆர்சனலை விட்டு மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போய்விட்டார். முதுகில் அவர் பெயரும் 7ஆம் இலக்கமும் அடித்த சட்டைகளை வாங்க லண்டனில் ஆள் இல்லை. என் மச்சான் ஒரு கடையில் அதைக் கால்வாசி விலைக்கு எடுத்து, ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். பூமா தயாரிப்பு, 2017-18 பருவம், லேபிள் எல்லாம் அப்படியே. மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் பெடியள் விடவில்லை: "ஓடிப்போனவன்ர பேரை முதுகில சுமக்கிறான்." 2019 ஓகஸ்டில் சான்செஸ் யுனைட்டெட்டையும் விட்டு இன்டர் மிலானுக்கு இரவலாகப் போனார். அதே கடையில் இந்த முறை யுனைட்டெட் 7 தள்ளுபடியில் தொங்குகிற படத்தை மச்சான் அனுப்பியிருந்தான்.

அங்கே பிடிபட்டதுதான் எல்லாம். அசல் சட்டை எந்தக் கடையில் மலிவு என்று தேடி அலைவதில் பெரிய பயன் இல்லை. எப்போது மலிவு என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பருவம் மே மாதத்தோடு முடிகிறது. மே முதல் ஜூலை வரை பெரும்பாலான கழகங்கள் அடுத்த வருடச் சட்டையை இறக்கும். போன வருடத்தது கழகக் கடையிலேயே பாதி விலைக்கும் கீழே போகும். என் நாட்காட்டியில் அதற்கு அடையாளம் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல். வைகாசி விசாகம் வந்தால் மச்சானுக்கு ஒரு செய்தி போகும்.

இன்னும் இரண்டு சந்தர்ப்பம் உண்டு. தயாரிக்கிற நிறுவனம் மாறும்போது பழைய சரக்கை ஒதுக்கித் தள்ளுவார்கள். 2019இல் ஆர்சனல் பூமாவில் இருந்து அடிடாஸுக்கு வந்தது. லிவர்பூல் 2020இல் நியூ பலன்ஸை விட்டு நைக்குக்குப் போய், 2025இல் அடிடாஸுக்கு மாறியது. நெஞ்சில் இருக்கிற விளம்பரம் மாறும்போதும் அதே கதை. யுனைட்டெட் சட்டையில் 2021வரை செவ்ரலே, பிறகு டீம்வியூவர், 2024இல் இருந்து ஸ்னாப்டிராகன். விளம்பரம் மாறுகிற வருடத்துக்கு முந்தைய சட்டை புதிதாய் வாங்குகிறவனுக்கு 'பழசு'. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. வென்ற சட்டை மலியாது. லிவர்பூல் 30 வருடத்துக்குப் பிறகு லீக்கை வென்ற 2019-20 சட்டையை, அந்த மெல்லிய வெள்ளைக் கோடு போட்டதை, மலிவாய் யாராவது நீட்டினால் லேபிளை இரண்டு தரம் பாருங்கள். சொந்த மைதான உடை, வெளி மைதான உடை தவிர்ந்த மூன்றாவது உடை, கோல் காப்பாளர் உடை, பயிற்சி உடை மூன்றும்தான் எப்போதும் அடிமாட்டு விலைக்கு இறங்கும். நான் அதிகம் போட்டுத் தேய்த்தது ஒரு பயிற்சிச் சட்டையை.

பழைய வருடங்களின் அசல் சட்டைதான் வேண்டுமென்றால், 2006இல் மன்செஸ்டரில் தொடங்கிய கிளாசிக் ஃபுட்போல் ஷேர்ட்ஸ் இருக்கிறது. சட்டையின் நிலையைத் தரம் பிரித்து, கறை, கிழிசல் இருந்தால் எழுதிப்போட்டு விற்பார்கள். ஆனால் அங்கே பழசுதான் விலை கூட. சேகரிப்பவர்களுக்குச் சரி, என்னைப் போல வெயிலில் போட்டுத் திரிகிறவனுக்கு அவசியமில்லை.

இனி வகை. ஒரே சட்டையை இரண்டு விதமாய் விற்கிறார்கள், ரசிகருக்கு ஒன்று, வீரர் போடுகிறதைப் போல ஒன்று. 2024-25இல் பெரிய கழகங்களின் ரசிகர் வகை 80 பவுண்ட் அளவில் இருந்தது, வீரர் வகை 100ஐத் தாண்டியது. நைக் முதலாவதை 'ஸ்டேடியம்' என்றும் மற்றதை 'மேட்ச்' என்றும் சொல்லும். அடிடாஸ் ரசிகர் வகையில் கழகச் சின்னம் பெரும்பாலும் நூலால் தைத்திருக்கும், வீரர் வகையில் சூடுகாட்டி ஒட்டியிருக்கும். தள்ளுபடியில் சில வேளை இரண்டும் ஒரே விலைக்கு வந்து நிற்கும். அப்போதும் ரசிகர் வகையையே எடுங்கள். வீரர் வகை உடம்போடு ஒட்டும், சோற்றுத் தொந்தியை மறைக்காது. துணியும் மெல்லிசு. பந்து வேலிக்கு அப்பால் போய், எடுக்கக் குனிந்தபோது முட்கம்பி ஒரு இழையை இழுத்தது. என்னுடைய ஒரேயொரு வீரர் வகைச் சட்டை அன்றோடு வீட்டுச் சட்டை.

அப்புறம் அந்தப் போலி. இரண்டு போலி என்றேன். ஒன்று தெரிந்தே வாங்கியது: டவுனில் 1500 ரூபாய், கடைக்காரரும் அசல் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றது ஏமாந்தது. ஒன்லைனில் ஒருவர் 'நூறு வீதம் ஒரிஜினல், ஃபக்டரியில் மிஞ்சியது' என்று போட்டிருந்தார். இந்தக் கதை இலங்கையில் இலகுவில் எடுபடும். இங்கே உண்மையாகவே பெரிய பிராண்டுகளின் விளையாட்டு உடுப்பு தைக்கிற தொழிற்சாலைகள் உண்டு, மிஞ்சிய உடுப்பு வெளியே வருவதும் உண்டு. 6500 ரூபாய் அனுப்பினேன். வந்தது பார்வைக்குக் குறை சொல்ல முடியாத சட்டை.

காட்டிக்கொடுத்தது மச்சாள். அவ காமன்ட்ஸில், அதாவது உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், வேலை. ஆர்சனலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டையை வாங்கி உள்பக்கத்தைப் புரட்டினார். தோள் மூட்டில் நகத்தை வைத்துத் தையலை எண்ணினார். பக்கத் தையல் கீழே போகப் போக முன்பக்கம் முறுகி வருவதைக் காட்டினார். "தம்பி, நூலைக்கூட வெட்டேல்லை. இது எங்கட லைனில செக்கிங்கைத் தாண்டாது. எவ்வளவு குடுத்தனீ?" பாதி விலைதான் சொன்னேன். அதற்கே ஏச்சு.

அதன்பிறகுதான் லேபிளைப் படிக்கப் பழகினேன். அடிடாஸ் சட்டையின் உள்லேபிளில் எழுத்தும் இலக்கமுமாய் ஆறு குறியீட்டில் ஒரு பொருள் எண் இருக்கும். நைக்கில் ஆறு குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு நிறத்துக்கு மூன்று இலக்கம். அதை அப்படியே கூகிளில் போட்டால் கையில் இருக்கிற அதே சட்டை, அதே பருவம், அதே நிறம் வர வேண்டும். என்னுடையதைப் போட்டேன், வேறொரு கழகத்தின் சட்டை வந்து நின்றது. போலி தைக்கிறவர்கள் ஒரே லேபிளை அடித்து எல்லாவற்றிலும் தைத்துவிடுகிறார்கள். இப்போது விற்பவரிடம் நான் கேட்பது முன்பக்கப் படத்தை அல்ல, லேபிளின் படத்தை. அனுப்பத் தயங்கினால் அத்தோடு பேச்சு முடிந்தது. 'தாய்லாந்தில் தயாரித்தது' என்று இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அசலும் அங்கே தைக்கப்படுகிறது, போலியும் அங்கிருந்து வருகிறது. எண் சரியாய் இருந்தும் போலியாய் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் மச்சாள்.

நேரே இங்கே அனுப்பச் சொல்லி வாங்கியது ஒரு தடவை மட்டும். அனுப்பும் செலவும் வரியும் சேர, தள்ளுபடி போன இடம் தெரியவில்லை. ஆகவே லண்டன் முகவரிக்கு வாங்கி, ஓகஸ்டில் ஆள் வரும்போதோ, அங்கிருந்து வீட்டுக்குச் சாமான் பெட்டி அனுப்பும்போதோ எடுத்துக்கொள்வதுதான் என் வழி. உள்ளே சொக்லேட், சவர்க்காரம், சோஸ் போத்தல் எல்லாம் அடுக்கிய பிறகு, மூலையில் மிஞ்சும் இடத்துக்கு இரண்டு சட்டை தாராளம். பொறுமை இல்லாதவருக்கு இந்த வழி சரிவராது.

2020 ஜூனில் எனக்காக வாங்கிய மஞ்சள் சட்டை ஒன்று இருக்கிறது. 1991-93 காலத்தில் ஆர்சனல் போட்ட, 'கன்றிய வாழைப்பழம்' என்று பட்டப்பெயர் வாங்கிய உடையை நினைவூட்டி, அடிடாஸ் தன் முதல் வருடத்தில் செய்தது. கொரோனாவால் யாரும் வரவில்லை. சட்டை மச்சானின் அலுமாரியில் கிடந்தது. பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360க்குப் போனது. கடையில் பால்மா இல்லை, காஸ் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. "இந்த முறை ஜேர்சி ஒண்டும் வைக்காதை, மருந்தும் மாவும் வை" என்று நானே சொன்னேன். பெட்டி வந்தது. அம்மாவின் மருந்துப் போத்தலைச் சுற்றி, உடையாமல் இருக்க, அந்த மஞ்சள் சட்டை. மச்சானைக் கேட்டதற்கு, "சுத்துறதுக்கு வேற துணி கிடைக்கேல்லை" என்றான்.

வருடக் கணக்கில் போட்ட பிறகு என்ன மிஞ்சியது? முட்கம்பியில் மாட்டியதைத் தவிர துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழில் எதுவும் வெளிறவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் தையல் விட்டது ஒன்றும் இல்லை. முதலில் போவது முதுகில் ஒட்டிய பெயரும் இலக்கமும்தான். சான்செஸின் 7 மூன்றாம் வருடம் வெடிக்கத் தொடங்கியது, இப்போது தூரத்தில் இருந்து பார்த்தால் 1. தப்பு என்மேல்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், அதில் சலவைத்தூள் போட்டுக் கல்லில் அடித்து, நடுவெயிலில் கொடியில் போட்டால் எந்த ஒட்டுத்தான் தாங்கும்? இப்போது உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கையால் கசக்கி, மாமர நிழலில் காயப் போடுகிறேன். ஒட்டின் மேல் அயர்ன் பெட்டி படுவதே இல்லை. பெயர் போடாத சட்டையாய் வாங்கினால் இந்தக் கவலை பாதி இல்லை, விலையும் குறைவு.

ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. 1500 ரூபாய்ப் போலி இன்னும் உயிரோடு இருக்கிறது. வயலுக்கும் அதுதான், மைதானத்துக்கும் அதுதான். துணி தடிப்பு, வியர்வை உள்ளேயே நிற்கும், செம்மண் கறை போகாது, ஆனால் கிழியவில்லை. 6500 கொடுத்தது ஒரு வருடத்தில் சின்னம் உரிந்து, இப்போது மோட்டார் சைக்கிள் துடைக்கிறது.

ஒல்லியானவர்களுக்கு இன்னொரு வழி. சிறுவர் அளவில் மிகப் பெரியது, 15-16 வயதுக்கு என்று போட்டிருப்பது, எங்கள் பெடியள் பலருக்கு அளவாய் இருக்கும். பெரியவர் விலையைவிடக் குறைவு, தள்ளுபடி அதற்கு மேலே. எனக்கு இனி அது இறங்காது.

இந்தத் தடவை அந்த வழியில் வாங்கியது மச்சாளின் மகனுக்கு. லேபிளைப் பார்த்து, எண்ணைத் தேடி, தாயிடம் தையலையும் காட்டிச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். பெடியன் கேட்டது ஸ்னாப்டிராகன் போட்ட யுனைட்டெட் சட்டை. துவைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதை என் கொடியில் மட்டும் காயப் போட விடமாட்டேன்.