வாட்டர் சாஃப்ட்னர்: குளிக்க, துவைக்கச் சரி, குடிக்க வேண்டாம்
எங்கள் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பார்கள், அப்புறம் சோப்பு எங்கே நுரைக்கும்? இந்தச் சாஃப்ட்னரை மாட்டியபின் ஷவர் துளைகளில் வெள்ளையாக அடைப்பது நின்றது, துணியும் விறைப்பதில்லை. ஆனால் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) முக்கிப் பார்த்துவிட்டு ஏமாற்று வேலை என்று திட்டாதீர்கள், உள்ளே இருக்கும் ரெசின் (சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள்) கடினத்துக்குக் காரணமான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது, அதனால் மீட்டர் எண் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும். கிருமியையும் கொல்லாது. சோடியம் கூடுவதால் சமையலறைக்கும் செடிகளுக்கும் பழைய குழாயையே விட்டுவிட்டோம். பெரிய எரிச்சல், ரெசினைப் புதுப்பிக்க நாம் போடும் உப்பு தீர்ந்தால் சொல்ல ஒரு விளக்குகூட இல்லை. பக்கெட்டில் மறுபடி வெள்ளைக் கறை படிந்தால்தான் தெரிகிறது. இந்த விலைக்கு அதையாவது வைத்திருக்கலாம்.