பிக்கப் டிரக்குக்கு 87 போதுமா, 93 வேண்டுமா?

அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் ஆக்டேன் எண் போட்ட மூன்று பொத்தான்கள் இருக்கும்: 87, 89, அப்புறம் பிரீமியம். கலிபோர்னியா பக்கம் பிரீமியம் என்றால் 91, டெக்சாஸிலும் கிழக்கு மாநிலங்களிலும் பெரும்பாலும் 93. இவற்றை நம் ஊர் பங்க்கில் பார்க்கும் எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதியிருப்பது ஆர்ஓஎன் என்னும் ஆக்டேன் அளவு. அமெரிக்காவில் ஆர்ஓஎன், இன்னும் கடுமையான நிலையில் அளக்கும் எம்ஓஎன் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91 அல்லது 92.

பிக்கப் வைத்திருப்பவருக்கு 87க்கும் பிரீமியத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரிய பணம். ஃபோர்டு எஃப்-150இன் பெரிய டேங்க் 36 கேலன் பிடிக்கும். கேலனுக்கு ஒரு டாலர் கூடுதல் என்றால் ஒரு முறை நிரப்பவே 36 டாலர் அதிகம். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது எந்த இன்ஜின், அதை வைத்து என்ன வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடுவதில்லை. சிலிண்டருக்குள் பிளக் பொறி போட்டதும் நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. அது வந்து சேர்வதற்குள், மறுபக்கம் அழுத்தத்திலும் சூட்டிலும் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். இப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் சொல்கிறது. அந்தத் தாங்கும் சக்தியைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இன்ஜினும் அமைந்திருக்க வேண்டும்.

முதலில் டர்போ (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் கருவி) இல்லாத, 87க்கென்றே வடிவமைத்த எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின். செவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர், 2021 வரை வந்த டொயோட்டா டன்ட்ராவின் 5.7 லிட்டர் எல்லாம் இந்த வகை. 2016இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 87 போதும் என்று தயாரிப்பாளரே சொல்லும் வண்டிகளில் பிரீமியம் போட்டுச் சோதித்தது. அவற்றில் ஒரு வி8 டன்ட்ராவும் உண்டு. திறனிலும் மைலேஜிலும் புகையிலும் சொல்லும்படியான லாபம் எதுவும் இல்லை. இந்த டிரக்குகளுக்குப் பிரீமியம் போடுவது வீண் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஃப்-150இல் வரும், டர்போ வைத்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினின் கதை வேறு. இதுவும் 87இல் ஓடும், ஃபோர்டே அதை அனுமதிக்கிறது. ஆனால் டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும்போது நாக்கிங் வரும் எல்லை சீக்கிரமே வந்துவிடும். சென்சார் அதை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் பொறி போடும் நேரத்தைத் தள்ளிவைக்கும், தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். 93 ஊற்றினால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. 2019இல் கார் அண்ட் டிரைவர் இதழ் நடத்திய சோதனையில் எஃப்-150 மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 93இல் 5.3 நொடி எடுத்தது, 87இல் 5.9 நொடி. சக்கரத்தில் அளந்த திறன் 380 குதிரைத்திறனிலிருந்து 360க்கு இறங்கியது. காலியான டிரக்கில் அலுவலகம் போய் வருபவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் டிரெய்லர் மாட்டியவருக்கு அப்படியல்ல.

அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒன்று உண்டு. பாலைவனச் சூட்டில் சுமார் 18 கிலோமீட்டர் இடைவிடாமல் ஏறும் சாலை. டிரக்குகளின் இழுவைத் திறனை மதிப்பிடும் எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரநிலையே இந்த ஏற்றத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. இப்படி ஓர் இடத்தில் 87 போட்ட டர்போ இன்ஜின் பொறியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் புகைக்குழாய்ச் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். இழுவையும் குறைகிறது, பெட்ரோலும் வீணாகிறது. பாரம் இழுப்பது போன்ற கடும் வேலைக்குப் பிரீமியம் போடச் சொல்லி ஃபோர்டு தன் கையேட்டிலேயே எழுதியிருப்பது இதனால்தான். டிரெய்லர் மாட்டும் நாளில் இந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

இடையில் நிற்பது ரேம் டிரக்கின் 5.7 லிட்டர் ஹெமி வி8. நிறுவனம் பரிந்துரைப்பது 89, 87ம் போடலாம் என்கிறது. பாரம் இல்லாதபோது 87, இழுக்கும்போது 89 என்று வைத்துக்கொண்டால் போதும். இதற்கு 93 தேவையே இல்லை. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8 அப்படியல்ல. அதன் அழுத்த விகிதம் (கலவையைச் சிலிண்டரில் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 11.5:1, பிரீமியத்தை மனதில் வைத்துச் செய்தது. வாங்கும்போதே அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இன்ஜின் ஆயுள்? அனுமதித்த எண்ணைப் போடும்வரை ஆக்டேனால் இன்ஜின் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம், சென்சார் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே இறங்குவதுதான் ஆபத்து. கொலராடோ, யூட்டா போன்ற மலை மாநிலங்களில் 85 விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் காலத்து இன்ஜின்களுக்கு அது போதுமாக இருந்தது. டர்போ இன்ஜினோ அந்த மெலிந்த காற்றையும் அமுக்கி ஈடுகட்டிவிடுகிறது, உயரம் தந்த சலுகை அதற்குக் கிடைப்பதில்லை. டென்வரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 85 ஊற்றிக்கொண்டு, மலையிறங்கிச் சமவெளிச் சூட்டில் பாரம் இழுப்பது மிகவும் தவறு. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பகுதியே உடையலாம்.

இன்னொரு கோளாறு உண்டு. டர்போவும் நேரடித் தெளிப்பும் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பது) சேர்ந்த இன்ஜினில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, பிளக் பொறி போடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதற்குப் பிரீமியம் பெட்ரோலை நம்பி இருக்க முடியாது. ஆயில்தான் முக்கியம். ஆயிலில் கால்சியம் வகைச் சேர்மானம் அதிகம் இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. அதைக் கட்டுப்படுத்தும் சோதனையோடு 2020இல் வந்ததுதான் ஏபிஐ எஸ்பி என்னும் இன்ஜின் ஆயில் தரம். டர்போ டிரக் வைத்திருப்பவர் பிரீமியத்துக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை எஸ்பி ஆயிலுக்கும், அதை நேரத்துக்கு மாற்றுவதற்கும் கொடுத்தால் இன்ஜின் அதிக நாள் உழைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரீமியம் இன்ஜினைச் சுத்தம் செய்யும் என்றும் பலர் நம்புகிறார்கள். சுத்தம் செய்வது பெட்ரோலில் சேர்க்கும் டிடர்ஜென்ட். டிடர்ஜென்ட் தரத்துக்கான டாப் டியர் முத்திரை உள்ள பங்க்கில் 87க்கும் அந்தத் தரம் உண்டு. 93 கொடுக்கும் எல்லாப் பங்க்கிலும் அந்த முத்திரை இருப்பதில்லை.

டிரெய்லர் பயணத்துக்காக மாற்றுபவர்கள், டேங்க் காலியாகும் நிலையில் இருக்கும்போது பிரீமியம் நிரப்புங்கள். பாதி டேங்க் 87 இருக்கும்போது மீதியை 93ஆல் நிரப்பினால் கிடைப்பது ஏறக்குறைய 90தான். கம்ப்யூட்டரும் புதிய பெட்ரோலுக்குப் பழகக் கொஞ்சம் ஓட வேண்டும். அதனால் ஏற்றத்தின் அடிவாரம்வரை காத்திருக்காமல் கிளம்பும் முன்பே ஊரில் நிரப்பிக்கொள்வது நல்லது.